மாலை போட்ட முக்காலி

எங்கள் தொழிற்சாலைக்கு அந்த முக்காலி வந்த அன்று அதற்குக் கிடைத்த மரியாதை, அங்கே இருபது வருடம் எண்ணெய்க் கறையோடு உழைத்து ஓய்வுபெற்ற ஒருவருக்கும் கிடைத்ததில்லை. சந்தனம், குங்குமம், ரோஜா மாலை, எலுமிச்சம்பழம். கேட்டை ஒட்டிய வரவேற்பறையில் வழவழ டைல்ஸ் தரைமேல் அதை நிற்க வைத்து, தலைமை அலுவலகத்திலிருந்து வந்தவர் ரிப்பன் வெட்டினார்.

நான் அங்கே ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, எண்ணூர் போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வைத்துக்கொண்டு நட்டு, போல்ட், கையுறை, தலைக்கவசம் எல்லாம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பேன். முக்காலிப் பெட்டியைப் பிரித்ததும் நான்தான். ஆளுயரத்துக்கு மேல் நீளும் மூன்று அலுமினியக் கால்கள், உச்சியில் கப்பிகள், ஒரு காலில் மாட்ட, கயிற்றைச் சுற்றி இழுக்கும் கை வின்ச், கால்களைப் பூட்டப் பின்கள், மூன்று பாதங்களையும் சுற்றிக் கட்ட ஒரு சங்கிலி. குழிக்குள் மாட்டிக்கொண்ட ஆளைக் கயிற்றில் மேலே தூக்குவதற்கான சாமான். குழியின் வாய்க்கு நேர் மேலே இதை நிறுத்த வேண்டும்.

எங்கள் சேஃப்டி ஆபீசர் அதன் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். மடிப்புக் கலையாத சட்டை, ஒரு கீறல்கூட இல்லாத வெள்ளைத் தலைக்கவசம். கீறல் விழ வேண்டுமென்றால் எங்காவது போயிருக்க வேண்டுமே.

"அந்தச் சங்கிலி போட்டோல அசிங்கமா தெரியுது. கழட்டுங்க" என்றார்.

கழற்றினோம். ரிப்பன் வெட்டியவர் மரியாதைக்காக முக்காலியின் உச்சியில் கை வைத்தார். பிறந்த கன்றுக்குட்டி மாதிரி அது மூன்று கால்களையும் டைல்ஸில் மெல்லப் பரப்ப ஆரம்பித்தது. ஆபீசர் ஒரு காலைத் தன் ஷூவால் முட்டுக் கொடுத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் போட்டோ இன்னும் நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் அவர் காது சிவந்திருப்பது தெரியும்.

கழற்றிய சங்கிலி திரும்பி ஸ்டோர்ஸுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து அதை சைக்கிள் ஷெட் கதவில் பார்த்தேன், பூட்டோடு. "நல்ல கனமான சங்கிலி, சும்மா கெடக்குதேன்னு" என்றார் செக்யூரிட்டி. ஆபீசரிடம் சொன்னேன். "மேடம், மூணு கால் இருந்தா எதுவும் நிக்கும். சின்னப் பிள்ளைங்களுக்குக்கூடத் தெரியும்" என்றார். அவர் சொன்னது ஸ்டூலுக்குச் சரி. ஸ்டூலின்மேல் யாரும் ஆளைக் கட்டித் தொங்கவிடுவதில்லை.

மீட்புக் குழு என்று பன்னிரண்டு பேர் பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயரும் இருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, "ஒரு லேடி இருந்தா ஆடிட்ல நல்லா இருக்கும்" என்று பதில். பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். காலையெல்லாம் திரையில் படம் ஓட்டினார். மதியம் பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். மீதி ஐந்து பேருக்கு அவர் புல்தரையில் முக்காலியைக் கால் மணி நேரத்தில் நிறுத்திக் காட்டி, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். தூங்கியவர்களுக்கும்தான்.

பெட்டிக்குள் இருந்த கையேடு என்னிடமே தங்கியது. ஒன்பது மொழிகளில் அச்சடித்திருந்தார்கள், தமிழ் அதில் இல்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு மதிய வேளைகளில் அதைப் படித்தேன். சொல்லப்போனால் விஷயம் ஒன்றுதான். மூன்று பாதங்களும் தரையில் ஒரு முக்கோணம் போடுகின்றன. சுமையும் இழுப்பும் சேர்ந்து அந்த முக்கோணத்துக்குள் கீழ்நோக்கி விழ வேண்டும். கயிற்றை உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்தால், இழுக்கிற பக்கமே முக்காலி சாயும். அதனால்தான் வின்ச்சைக் காலிலேயே மாட்டியிருக்கிறார்கள்: கயிறு காலை ஒட்டியே ஏறி, கப்பியில் திரும்பி, நேராகக் குழிக்குள் இறங்கும்.

ஸ்டோர்ஸ் பின்பக்கம் நிறுத்திப் பழகிப் பார்த்தேன். அந்த வழியாகப் போன கலாசி மேஸ்திரி நின்று வேடிக்கை பார்த்தார். பாரம் தூக்கும் கலாசிகளுக்கெல்லாம் அவர்தான் தலை. கொருக்குப்பேட்டைக்காரர், தொண்ணூறு கிலோ இருப்பார், முப்பது வருடமாக மோட்டாரும் பாய்லரும் தூக்கிப் பழகிய கை.

"இன்னாமா, கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போறியா? ஸ்டாண்டு சோக்கா கீது."

"ஆளைத் தூக்குற சாமான், மேஸ்திரி."

"ஆளத் தூக்க இத்தினி சாமானா? ஒரு கயிறு, நாலு ஆளு. இஸ்தா வந்துடப் போறான்."

அவர் போனபின், கையேடு சொல்வது உண்மைதானா என்று பார்க்க எனக்கு ஆசை வந்தது. இரண்டு மணல் மூட்டையைக் கட்டி, கயிற்றை உச்சிக் கப்பியில் விட்டு, பத்தடி தள்ளி நின்று இழுத்தேன். மூட்டை அசையவே இல்லை. முக்காலிதான் அசைந்தது. மறுபக்கத்துக் கால் தரையைவிட்டு எழும்பியது, நான் கயிற்றை விடுவதற்குள் மொத்தமும் என்னை நோக்கிக் கவிழ்ந்தது. என் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி, காலி எண்ணெய் டிரம் ஒன்றை நசுக்கிக்கொண்டு விழுந்தது. நல்லவேளை, சாப்பாட்டு நேரம், யாரும் பார்க்கவில்லை. டிரம்மை உருட்டிக் குப்பைக் கிடங்கின் பின்னால் தள்ளிவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தேன். சிரிப்பார்களே என்ற பயம். பன்னிரண்டு பேருக்கும் சொல்லியிருக்க வேண்டிய பாடத்தை மானத்துக்குப் பயந்து ஒளித்தவள்தான் நானும். ஆபீசரைக் கேலி செய்யும்போது இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த மே மாதம், ஒரு முற்பகலில், பம்ப் ஹவுஸ் சம்புக்குள் எங்கள் ஃபிட்டர் விழுந்தார்.

அந்த சம்பு தரைக்கடியில் இருபதடி ஆழத் தொட்டி. கடல் தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிவால்வு அதற்குள் இருக்கிறது. வால்வை மாற்றுவதற்காகத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். ஃபிட்டர் காசிமேட்டுக்காரர், நாற்பது வயது, நாக்கில் முள் உள்ள மனிதர். உள்ளே காற்றைச் சோதித்து, காற்றடிக்கும் ப்ளோயர் வைத்தால்தான் இறங்குவேன் என்று காலையில் அரை மணி நேரம் சண்டை போட்டு இரண்டையும் செய்யவைத்திருந்தார். அன்று அந்தத் தொழிற்சாலையில் ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான். இறங்கும்போது ஏணியின் துருப்பிடித்த படி உடைந்து பன்னிரண்டு அடி கீழே விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது.

நான் தள்ளுவண்டியில் முக்காலியை வைத்து ஓடினேன். போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் கத்தல் கேட்டது. கெட்ட வார்த்தைகள்தான், ஆனாலும் காதுக்கு இனிமையாக இருந்தது. உயிரோடு இருக்கிறார்.

சுற்றி முப்பது பேர். அதில் பத்துப் பேர் கையில் போன். தீயணைப்பு வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாயிற்று. ஆனால் சாலையில் லாரிகள் அன்றைக்கும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. கடல் பக்கத்து மதகு ஒழுகி, சம்புக்குள் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. விழுந்தபோது ஈரத்தரையாக இருந்த இடத்தில் இப்போது அவர் இடுப்பளவு தண்ணீரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஆபீசர் வந்தார். "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். அதற்குமேல் அவரிடம் கைவசம் எதுவும் இல்லை.

மேஸ்திரி என்னிடமிருந்து முக்காலியைப் பிடுங்காத குறையாக வாங்கி சம்புவின் வாய்மேல் நிறுத்தினார். இரண்டு கால் கான்கிரீட்டில், ஒரு கால் ஆடிக்கொண்டிருந்த இரும்புத் தட்டு மூடியின்மேல். வின்ச்சை எடுத்து ஓரமாக வைத்தார். "இத்த சுத்திகினு இருந்தா சாயங்காலம் ஆயிடும்" என்று, பெரிய கயிறு ஒன்றை உச்சிக் கப்பியில் விட்டு, ஒரு முனையை இடுப்புப் பட்டையோடு கீழே போட்டார். மறுமுனையை எட்டுப் பேர் கையில் கொடுத்தார். தேர் வடம் பிடிக்கிற மாதிரி அவர்கள் பின்னால் போய் வரிசையாக நின்றார்கள். கீழே ஃபிட்டர் பட்டையை எப்படியோ மார்பில் மாட்டிக்கொண்டார்.

"மேஸ்திரி, வேணாம். கவுந்துடும்" என்றேன்.

"நீ அந்தாண்ட போமா."

"சார், நீங்க சொல்லுங்க. சைடுல இழுத்தா கவுந்துடும். சங்கிலியும் இல்ல."

ஆபீசர் என்னைப் பார்த்தார், எட்டுப் பேரைப் பார்த்தார், போன் பிடித்திருந்தவர்களைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. இழுங்கப்பா" என்றார்.

கயிறு விறைத்தது. எனக்கு எதிரே இருந்த கால் தரையைவிட்டு நான்கு விரல் எழும்பியது. நான் ஓடிப்போய் அந்தப் பாதத்தைக் கட்டிக்கொண்டு மேலே உட்கார்ந்தேன். என் எடை எதற்கும் பற்றாது, தெரியும். ஆனால் சேலையும் அதன்மேல் கம்பெனிப் பச்சைக் கோட்டுமாக ஒரு பெண்பிள்ளை முக்காலியைக் கட்டிக்கொண்டு அலறினால் ஆண்கள் ஒரு நொடி திகைத்துப்போவார்கள். அந்த ஒரு நொடிதான் எனக்கு வேண்டியிருந்தது.

"வுடுங்க! கயித்த வுடுங்க! எனக்கு ஒரு தபா வுழுந்துகீது! ரெண்டு மூட்டைக்கே வுழுந்துகீது!"

கயிறு தளர்ந்தது. கால் 'ணங்'கென்று தரையில் உட்கார்ந்தது. தூக்கியிருந்த ஒரு சாண் உயரத்திலிருந்து கீழே இறங்கிய ஃபிட்டர் வலியில் அலறினார்.

மேஸ்திரி எழும்பிய காலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கர்வி, ஆனால் முட்டாள் அல்ல. பாரம் எந்தப் பக்கம் போகும் என்பதைக் கண்ணால் கண்டபின் அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"சங்கிலி எங்க?" என்றார்.

"சைக்கிள் ஷெட்டுல."

சாவி நிர்வாகப் பிரிவில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும் என்றார் செக்யூரிட்டி. மேஸ்திரி பெரிய சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு அடி கேட்டது. சங்கிலியோடு வந்தார்.

அதன்பிறகு வேலை ஒழுங்காக நடந்தது. ஆடிய இரும்பு மூடியை அப்புறப்படுத்தினோம். மூன்று பாதங்களையும் நல்ல கான்கிரீட்டில், சம்பு வாயின் விளிம்பிலிருந்து தள்ளி வைத்தோம். கால்களின் நீளத்தைச் சரிபார்த்து, ஒவ்வொரு பின்னும் மறுபக்கம் வரை வந்து பூட்டிக்கொண்டதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். பாதங்களைச் சுற்றிச் சங்கிலியை இறுக்கினோம், இனி கால் அகலாது. வின்ச்சைக் காலில் மாட்டினோம். முக்காலிக்குச் சம்பந்தமே இல்லாமல், பம்ப் அஸ்திவாரத்தின் கான்கிரீட் தூணில் இரண்டாவது கயிறு ஒன்றைக் கட்டச் சொன்னேன். ஒன்று கைவிட்டால் மற்றொன்று பிடிக்கும். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடமும் ஆபீசர் "டைம் ஆகுது, டைம் ஆகுது" என்று கடிகார வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

"கீழ யாரு போறது? அவன ஸ்ட்ரெச்சர்ல கட்டணும்" என்றார் மேஸ்திரி. அவரே பதிலும் சொன்னார்: "நானே போறேன். என் வெயிட்ட தாங்குச்சுன்னா அவன் வெயிட்டு ஜுஜுபி."

சம்புவின் வாயில் கனமான பலகையைக் குறுக்கே போட்டு, பட்டைகளை மாட்டி, அவரை அதன்மேல் நிற்க வைத்தோம். நான் வின்ச்சைச் சுற்றினேன். கால் பலகையைவிட்டு எழும்பி அவர் அந்தரத்தில் நின்றார். குலுங்கியும் பார்த்தார். முக்காலி முனகியது, நகரவில்லை. பலகையை எடுத்துவிட்டு அவரை இறக்கினோம். பாய் மாதிரி சுருட்டிக் கட்டும் ஸ்ட்ரெச்சரும் பின்னால் போனது.

கீழே மேஸ்திரி ஃபிட்டரின் முறிந்த காலை அசையாமல் கட்டி, அவரை ஸ்ட்ரெச்சரில் சுருட்டி, இரண்டு கயிற்றையும் அதற்கே மாட்டிவிட்டார். தன் இடுப்பளவு தண்ணீரில் கயிறு எதுவும் இல்லாமல் நின்றுகொண்டு, "தூக்கு" என்றார்.

நான் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு நாலு விரல் உயரம்கூட இல்லை. இரண்டாவது கயிற்றைப் பிடித்தவர்கள் தொய்வு விழாமல் கூடவே எடுத்துக்கொண்டு வந்தார்கள். என் தோள் எரிந்தது. ஒருவர் வந்து மாற்றிக்கொண்டார், பிறகு மறுபடி நான். ஆபீசர் என் காதருகே, "இன்னும் வேகமா" என்றார். "நீங்க சுத்துறீங்களா சார்?" என்று கேட்டேன். நகர்ந்து போய்விட்டார்.

ஃபிட்டர் ஸ்ட்ரெச்சரில் கட்டியபடி, நிற்கிற வாக்கில் மேலே வந்தார். முகம் வெளுத்திருந்தது. சுற்றி நின்ற போன்களைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தையை இங்கே எழுத முடியாது. இரண்டாவது, "இன்னாடா படம் புடிச்சிகினு கீறீங்க, வவ்வா மீனா நானு?" பத்து போன்களும் பைக்குள் போயின. அடுத்து மேஸ்திரியைத் தூக்கினோம். மேலே வந்ததும் வின்ச் கைப்பிடியிலிருந்து என் விரல்களைப் பிரித்துவிட்டார், அவை இறுகிப்போயிருந்தன.

தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது தூக்கும் வேலை முடிந்திருந்தது.

இனி ஆபீசரின் வேலை ஆரம்பம். அவருடைய அறிக்கையில் "எனது நேரடி மேற்பார்வையில்" என்ற சொற்கள் மூன்று இடத்தில் வந்தன. சங்கிலி வரவில்லை, எட்டுப் பேர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, நடந்ததை மறுபடி நடத்திப் படம் எடுக்க வேண்டும், பச்சைக் கோட்டு போட்டு வாருங்கள் என்று என்னைக் கூப்பிட்டார். முடியாது என்றேன். கேன்டீனில் பாத்திரம் கழுவும் அம்மாவுக்குக் கோட்டு மாட்டி நிறுத்தினார்கள். கம்பெனிப் பத்திரிகையில் அந்த அம்மாதான் நான்.

நான் பெரிய நியாயவாதி மாதிரி ஒரு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அந்த நிமிர்வோடுதான் ஃபிட்டரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கும் போனேன். சாத்துக்குடி வாங்கிப் போயிருந்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலருகே அவர் மனைவி. காசிமேட்டில் மீன் விற்கிறவர், விடியற்காலை ஏலம் முடித்துக் கூடை மீனை விற்றுவிட்டு நேராக வந்திருந்தார்.

"நீதானா அந்த வின்ச்சு சுத்துன அக்கா?" என்று கேட்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். டீ வாங்கிவந்து கொடுத்தார். நான் பெருமையாக எல்லாக் கதையையும் சொன்னேன்: மாலை போட்ட முக்காலி, வின்ச், இரண்டாவது கயிறு. பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லா கீது உங்க கம்பெனி. மேல தூக்க இத்தினி சாமான் வாங்கி மாலையெல்லாம் போட்டு வெச்சிகீறீங்க. கீழ எறங்க ஒரு ஏணி வாங்க முடியல?"

பாதி டீயைக் கட்டிலடியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் காலை ஸ்டோர்ஸ் திறந்ததும் கோப்புகளைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பம்ப் ஹவுஸுக்குப் புது ஏணி கேட்டு ஃபிட்டர் எழுதிய விண்ணப்பம், இரண்டு முறை. "படிகள் துரு, ஆபத்து" என்று அடிக்கோடு போட்டிருந்தார். அதன்மேல் ஆபீசரின் சிவப்பு மை: "அடுத்த முறை பார்க்கலாம்." அதற்குக் கீழே என் முத்திரை, என் சுருக்கொப்பம்: "பெறப்பட்டது." நேர்த்தியாக ஓட்டை போட்டு, நானே கோப்பில் கட்டியிருக்கிறேன். ஆபீசரின் ஷூவைப் பார்த்துச் சிரித்தவள், கவிழப் பார்த்த முக்காலியைப் பற்றி வீட்டுக்காரரிடமும் பிள்ளைகளிடமும் பத்து தடவை சொன்னவள், இந்தக் காகிதத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்கும் ஒரு மாலை வாங்கிப் போட்டிருக்கலாம்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தபோது இரண்டு விண்ணப்பத்தையும் மேசைமேல் வைத்தேன். முக்காலி எப்படி நிறுத்தப்பட்டது, யார் இழுக்கச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். சாட்சி உண்டா என்று கேட்டார்கள். மேஸ்திரி எழுந்து, "நான்தான் தப்பா வெச்சேன். இந்தம்மா சொல்லிச்சு, நான் கேக்கல. அவரும் கேக்கல" என்று கையெழுத்துப் போட்டார். ஆபீசருக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள். வேறொரு கிளைக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. போகும்போது அந்தத் தலைக்கவசத்தை ஞாபகமாக எடுத்துக்கொண்டு போனார். எனக்கு, விண்ணப்பத்தைத் தொடர்ந்து வலியுறுத்தத் தவறியதாக ஒரு மெமோ வந்தது. அந்த விவகாரத்தில் எழுதப்பட்ட காகிதங்களில் நியாயமானது அது ஒன்றுதான். மறுக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

புது ஏணி பத்தே நாளில் வந்தது. பத்து நாளில் வரக்கூடிய சாமான்.

இப்போது மாதம் ஒரு முறை, பம்ப் ஹவுஸ் வாசலில் முக்காலியை நிறுத்திப் பழகுகிறோம். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேராவது வருகிறார்கள். முதல் நாளே நசுங்கிய எண்ணெய் டிரம்மை உருட்டிக்கொண்டு வந்து நடுவில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே சிரித்தார்கள். சிரித்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை.

எட்டு மாதம் கழித்து ஃபிட்டர் வேலைக்குத் திரும்பினார். நடையில் லேசான சாய்வு. வந்த வாரமே சம்புக்குள் இறங்க வேண்டிய வேலை வந்தது. வேறு ஆளை அனுப்பலாம் என்றார் புதிய ஆபீசர், ஃபிட்டர் கேட்கவில்லை. காற்றைச் சோதித்த சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். பட்டையை மாட்டிக்கொண்டு, ஏணியின் முதல் படியில் கால் வைத்து நாலு தடவை மிதித்துப் பார்த்தார். பிறகு வின்ச் பக்கத்தில் நின்றிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டோர்ஸ யாரு பாத்துகினு கீறாங்க?"

"பூட்டிட்டு வந்தேன்."

"வேலவெட்டி இல்லாத பொம்பள" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மேஸ்திரி இரண்டாவது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தார். அடியிலிருந்து ஸ்பானர் சத்தம் கேட்க ஆரம்பித்தது.